‘இவன் இல்லை’ என்று எழுதிய டியூப்

வெள்ளிக்கிழமை காலை எனேபிஷ் தன் கல்லீரலின் ஜாதகத்தைக் கையில் வாங்கியபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது பேரும் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார்கள். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உலான்பாதரில் அந்த வராந்தாவில் உட்காருகிறவர்களுக்கு அடுத்தவன் ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. முகத்தைப் படித்தால் போதும்.

ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் ஐந்து வரிகள். ஏ இல்லை. பி உண்டு. சி இல்லை. டி உண்டு. இ இல்லை.

முன்பெல்லாம் கல்லீரலைத் தின்னும் வைரஸ்களைத் தேடுவதற்கு ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக ரத்தம் எடுப்பார்கள். ஒரு வாரம் பி, இன்னொரு வாரம் சி என்று கெட்ட செய்தி தவணை முறையில் வரும். மனசைத் தேற்றிக்கொள்ள நடுவில் அவகாசம் இருக்கும். இப்போது வந்திருக்கும் மெஷின் ஒரே டியூப் ரத்தத்தில் ஐந்தின் மரபணுவையும் ஒரே மூச்சில் தேடிவிடுகிறது. எழுத்து என்பது அந்த ஊரில் சின்ன விஷயம் அல்ல. பெண் பார்க்கப் போனால் ஆடு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் எந்த எழுத்து என்றுதான் கேட்பார்கள். டார்கான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் பலகையில் ‘பி’ என்று எழுதியதும் பாதி வகுப்பு எழுந்து நின்று “எங்கப்பா!” என்று கத்தியது. ‘சி’ எழுதியதும் மீதிப் பாதி எழுந்தது. வாத்தியாருக்கு டி எழுதக் கை வரவில்லை. அவருக்கே அது இருந்தது.

எனேபிஷ் ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மடித்தால் எழுத்துகள் குறையும் என்று நினைத்தானோ என்னவோ, பிறகு எட்டாகவும் மடித்தான்.

நான்காவது மாடியில் அவன் அக்கா நெர்குய் படுத்திருந்தாள். அவளுடைய கல்லீரல் முடிந்துபோய்விட்டது. திங்கட்கிழமை காலை எனேபிஷின் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி அவளுக்கு வைப்பதாக ஏற்பாடு. கொடுக்கிறவனிடம் ஐந்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் ஏற்பாடு ரத்து. திங்கட்கிழமை இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அக்காவுக்கு எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு டாக்டர் கொம்போ மாதக் கணக்கில் பதில் சொல்லவில்லை.

அந்தக் கொம்போவின் அறைக்குத்தான் அவன் முதலில் போனான்.

“ஒரே அம்மா வயித்துப் பிள்ளைங்க,” என்றார் டாக்டர், ரிப்போர்ட்டை எட்டு மடிப்பிலிருந்து விரித்துக்கொண்டே. “அக்காவுக்கும் பி, டி. உனக்கும் பி, டி. இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லப்பா.”

“இன்னொரு தடவை பாக்கக் கூடாதா டாக்டர்?”

“மெஷின் பொய் சொல்லாது.”

“மெஷின் சொல்லாது. பக்கத்துல நிக்கற மனுஷன் சொல்லலாமில்ல?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட செய்தி சொல்லும்போது அவர் எதிராளியைத் தெளிவாகப் பார்க்க விரும்புவதில்லை. “சாயங்காலம் நாலரைக்குக் கூட்டம். அதுக்குள்ள சொந்தத்துல வேற ஆள் இருந்தா கூட்டிட்டு வா. இல்லன்னா அடுத்த பேர எழுதிடுவோம்.”

சொந்தத்தில் வேறு ஆள் இல்லை. அங்கே ரத்த சொந்தம் என்று சொல்கிற வழக்கம் கிடையாது, ஈரல் சொந்தம் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர்கள் அதை ஒருநாள் டாக்டர்கள் கத்தியோடு வந்து எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனேபிஷுக்கு உலகத்தில் ஈரல் சொந்தம் ஒன்றே ஒன்று. அது நான்காவது மாடியில் மஞ்சளாகப் படுத்திருந்தது.

அந்தக் குடும்பத்தில் ஆட்கள் குறைந்துபோனதற்குக் காரணம், பிள்ளை பிடிக்கிற பேய். முதல் இரண்டு குழந்தைகளை அது நாற்பது நாளுக்குள் கொண்டுபோய்விட்டது. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும் அம்மா உஷாராகி அதற்கு நெர்குய், அதாவது ‘பேர் இல்லை’ என்று பெயர் வைத்தாள். பேய் பட்டியலோடு வந்து வாசலில் நின்று, “குழந்தை பேர் என்னம்மா?” என்று கேட்டது. “பேர் இல்லை,” என்றாள் அம்மா. பேர் இல்லாததைப் பட்டியலில் எப்படி எழுதுவது? பேய் போய்விட்டது. ஒன்பது வருஷம் கழித்துப் பையன் பிறந்தபோது அது மறுபடி வந்தது, இந்தத் தடவை கேள்வியை மாற்றி, “தொட்டில்ல இருக்கறது யாரு?” என்று கேட்டது. அம்மா, “எனே பிஷ்,” என்றாள். இவன் இல்லை, இது இல்லை, இரண்டுக்கும் அங்கே அதுதான் சொல். “மன்னிச்சுக்கம்மா, வீடு மாறி வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு அது பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. வாசலில் படுத்திருந்த நாய் அதன் முதுகைப் பார்த்துக் குரைத்ததற்கு இன்றைக்கும் சாட்சி உண்டு.

அப்படிப் பேயையே திருப்பி அனுப்பிய பெயரை ஒரு வைரஸ் மதிக்கவில்லை என்பதுதான் எனேபிஷால் தாங்க முடியாததாக இருந்தது. ஏன் மதிக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பத்தொன்பதாம் வயதில் பட்டாளத்தில் இருந்தபோது ஆறு பேர் சேர்ந்து ஒரே ஊசியில், கித்தார் கம்பியைத் தீட்டிச் செய்த ஊசியில், பச்சை குத்திக்கொண்டார்கள். எனேபிஷ் ஓநாய் கேட்டான். குத்தியவனுக்கு ஆடுதான் வந்தது. அந்த ஆறு பேரில் ஒருவன் போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் வயிறு வீங்கிச் செத்துப்போனான். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘பச்சை குத்தியதுண்டா?’ என்ற இடத்தில் எனேபிஷ் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான். உண்டு என்று எழுதினால் ரத்தத்தைப் பார்க்காமலே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அன்றிலிருந்து கொதிக்கிற வெந்நீர்க் குழாய் ஓடும் வராந்தாவில்கூட முழுக்கைச் சட்டையோடு வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அக்காவின் கட்டிலருகே போய் நின்றான். அவள் உப்புத் தேநீர்க் குவளையைக் கையில் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். குடிக்க முடியாவிட்டாலும் சூடு வேண்டும்.

“ஏண்டா மூஞ்சி காஞ்ச தயிர்க்கட்டி மாதிரி இருக்கு?”

“வெளில மைனஸ் முப்பத்தி நாலு டிகிரி குளிரு, அக்கா.”

“உள்ள வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சே. என்ன சொல்றாங்க? என்னோட ஈரல் என்னிக்கு வருது?”

அவன் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினான். “அக்கா, உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்.”

அவள் எட்டிப் பார்த்தாள். “அந்த ஆட்டையா?”

“ஓநாய்.”

“பதினெட்டு வருஷமா நீ போர்வைய ஒதைச்சுத் தள்ளித் தூங்கும்போதெல்லாம் அந்த ஆட்டைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நல்ல கொழுத்த ஆடு. இப்ப என்ன அதுக்கு?”

“ஆறு பேருக்கு ஒரே ஊசி. எனக்கும் வந்திருச்சு. பி, டி ரெண்டும்.” ரிப்போர்ட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

நெர்குய் இருபத்தி நாலு வருஷம் பால் ஆலையில் வெண்ணெய்ப் பிரிவில் வேலை பார்த்தவள். தட்டில் வைத்த வெண்ணெயின் நிறத்தைப் பார்த்து, மாடு எந்த மலைச்சரிவில் எந்த மாதம் மேய்ந்தது என்று சொல்லுவாள். ஒருதடவை மாட்டின் மனநிலையையும் சொன்னாள், சரியாக இருந்தது. அவள் ஐந்து எழுத்துகளையும் படித்துவிட்டு, யாரும் படிக்காத கடைசி வரிக்குப் போனாள். சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது: ‘ரத்தத் தெளிநீரின் நிறம்: அடர் மஞ்சள்.’

வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“குனிடா.”

“என்ன?”

“குனின்னா குனி. கண்ண முழி.” கட்டைவிரலால் அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு படுக்கைக்கு எதிரே இருந்த கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தாள். “வெண்ணெய்ல ஏழு மஞ்சள் பாத்தவ நான். உன் கண்ணு ஜனவரி மாசப் பால் மாதிரி வெள்ளையா இருக்கு. அடர் மஞ்சளுக்கு நீ எங்கடா போவ? எருமை, இது உன் ரத்தமில்ல. இது நான்.”

எனேபிஷின் ஈரக்குலை ஒரு குதி குதித்தது. எந்தப் பக்கம் குதித்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நான்கு மாடியையும் இறங்கி ஓடினான். ஆய்வகத்தின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் துலாம்சுரேன் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசுக்காரி, அந்த மெஷினுக்கு அவள்தான் பொறுப்பு. அவள் பூஸ் கொழுக்கட்டையைப் பாதி கடித்து, உள்ளே இருக்கிற ஆட்டுக்கறிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த நேரம்.

“டாக்டரம்மா!”

“நான் டாக்டர் இல்ல. கத்தாதீங்க, வைரஸ் எந்திரிச்சுக்கும்.”

“இது என் ரத்தமில்லம்மா. என் கண்ணப் பாருங்க. வெள்ளையா இருக்குல்ல? மஞ்சள்னு போட்டிருக்கீங்களே?”

துலாம்சுரேன் கொழுக்கட்டையைக் கீழே வைத்தாள். கண்ணைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி கண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதி முழுவதும் போய்விட்டது.

“திங்கக்கிழமை வந்த டியூப் இது. நான் நேரா மெஷினுக்குத்தான் எடுத்தேன்.”

“வாங்கி வச்சது யாரு?”

“மெதெக்குய்.”

மெதெக்குய் என்றால் ‘தெரியாது’ என்று அர்த்தம். எனேபிஷுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “தெரியாதா? ஒரு உயிரு போய்க்கிட்டிருக்கு, யார் வாங்கினான்னு தெரியாதா உங்களுக்கு?”

“யோவ், அது அவர் பேருய்யா!”

உள்ளேயிருந்து, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு வழுக்கைத் தலை மெதுவாக எட்டிப் பார்த்தது. நாற்பது வயசு, சாதுவான முகம். “யாரு என்னக் கூப்பிட்டது?”

“இவரு டியூப்ப நீங்கதானே வாங்கினீங்க?” என்றாள் துலாம்சுரேன். “பல்டன் மகன் எனேபிஷ்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் மெதெக்குய் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் நடந்தது இதுதான். அன்றைக்குக் குளிரில் லேபிள் அடிக்கிற மெஷின் உறைந்துபோய்விட்டது. நான்காவது மாடி நர்ஸ் கையால் எழுதி அனுப்பினாள். ஒரே பையில் இரண்டு டியூப், ஒரே ஒரு படிவம். அக்காவின் படிவம் மாடியிலேயே தங்கிவிட்டது. டியூப் ஒல்லி, பேர் நீளம், அதனால் நர்ஸ் இரண்டு வரியாக உடைத்து எழுதியிருந்தாள். ஒரு டியூபில் ‘ப. எனே’, அதற்குக் கீழே ‘பிஷ்’. இன்னொன்றில் ‘ப. நெர்’, கீழே ‘குய்’.

“ஒண்ணுல ‘இது இல்லை’ன்னு இருந்துச்சு,” என்றார் மெதெக்குய் பரிதாபமாக. “சரி, தப்பா எடுத்த ரத்தம், நர்ஸே குறிப்பு எழுதியிருக்காங்கன்னு தனியா எடுத்து வச்சேன். இன்னொண்ணுல ‘பேர் இல்லை’. பேர் எழுத மறந்துட்டாங்க போலன்னு, கையிலிருந்த படிவத்துல உள்ள பேர எழுதி இந்த அம்மாகிட்ட குடுத்துட்டேன்.”

“உங்க பேரே தெரியாதுன்னு இருக்கு,” என்றான் எனேபிஷ். “ உங்களுக்கு இது தோண வேண்டாமா?”

“நான் ஒருத்தன்தான் இப்படிப்பட்ட பேர வச்சுக்கிட்டுக் கஷ்டப்படறேன்னு நெனச்சுட்டேங்க. பள்ளிக்கூடத்துல புது வாத்தியார் வந்து ‘இந்தப் பையன் யாரு?’ன்னு கேப்பார். மொத்த வகுப்பும் உண்மைய சொல்லும். எனக்குத்தான் அடி விழும்.”

நிராகரித்த டியூபுகளை வைக்கும் குளிர்பெட்டியைத் துலாம்சுரேன் திறந்தாள். கடைசித் தட்டில், தனியாக, ‘இவன் இல்லை’ நின்றுகொண்டிருந்தது. பேயை ஏமாற்ற அம்மா செய்த சூழ்ச்சி முப்பத்தேழு வருஷம் கழித்தும் தேயாமல் வேலை செய்திருந்தது. ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டது.

“இதையும் போடறேன், புதுசா எடுத்து அதையும் போடறேன்,” என்றாள் அவள். “ரெண்டும் ஒண்ணு போலச் சொன்னாத்தான் கொம்போ ஒத்துப்பாரு. மணி இப்ப பன்னெண்டே முக்கால். மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். கையக் காட்டுங்க.”

எனேபிஷ் சட்டைக் கையைச் சுருட்டினான். அவள் ஊசியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“இது ஆடா?”

“ஆமாம்மா, ஆடுதான்.” முதல் தடவையாக ஒத்துக்கொண்டான்.

“எத்தன பேருக்கு ஒரு ஊசி?”

“ஆறு. அதுல ஒருத்தன் ஈரல் போய்ச் செத்துட்டான்.”

“படிவத்துல இல்லன்னு இருக்கு.”

“பயந்துட்டேன்.”

அவள் ஒன்றும் திட்டவில்லை. படிவத்தில் ‘இல்லை’யை அடித்து ‘உண்டு’ என்று எழுதி, பக்கத்தில் ‘ஆறு பேர்’ என்று எழுதினாள். திட்டியிருந்தால் தேவலை என்று எனேபிஷுக்குத் தோன்றியது. இவ்வளவு நேரம் தவறு கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஓடி வந்துவிட்டான். இப்போதுதான் விஷயம் உறைத்தது. அந்த மஞ்சள் ரத்தம் அவனுடையது இல்லை என்றால், அவனுடையதில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

மூன்று மணி நேரத்தை ஒரு மனிதன் எப்படிக் கழிக்க முடியும்? எனேபிஷ் எல்லைக்கு நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். சுங்கச் சாவடியில் ஒன்பது நாள் வரிசையில் நின்று, முன்னால் நின்ற லாரிக்காரன் பேசிப் பழகி மாமனாராகவே ஆகிவிட்ட கதையெல்லாம் அவனிடம் உண்டு. அவனுக்கே இந்த மூன்று மணி நேரம் நகரவில்லை. கூடப் பச்சை குத்திக்கொண்ட ஐந்து பேரின் முகங்களை ஞாபகப்படுத்திப் பார்த்தான். தனக்கு முன்னால் ஊசி போனது யார் கையில்? செத்தவன் கையிலா? அவன் தனக்கு முன்னாலா, பின்னாலா? பதினெட்டு வருஷத்துக்கு முந்தின ஒரு சாயங்காலத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டினான். ஒவ்வொரு தடவையும் செத்தவன் அவனுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

மூன்று மணிக்குத் துலாம்சுரேன் திரையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனேபிஷ் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். திரையில் ஐந்து வைரஸுக்கு ஐந்து நிறக் கோடுகளும் கூடவே இன்னொன்றும் புல்வெளி மாதிரி தட்டையாகக் கிடந்தன.

“ஒவ்வொரு சுத்துக்கும் வைரஸோட மரபணு இருந்தா ரெட்டிப்பாகும்,” என்றாள் அவள், ஜன்னலில் பதித்திருந்த பேச்சுக் குழாய் வழியாக. “இருந்தா கோடு மேல ஏறும். இல்லன்னா படுத்தே கிடக்கும். நாப்பத்தஞ்சு சுத்து.”

இருபத்தி நாலாவது சுற்றில் ஒரு கோடு தலை தூக்கியது. குன்று ஏறுவது போல ஏறியது.

“ஏறுதும்மா! ஏறுதே!”

“அது வைரஸ் இல்ல. அது ஆறாவது, சாம்பல் கோடு. டியூப்ல மனுஷ ரத்தம் இருக்கு, மெஷின் முழிச்சிருக்குன்னு காட்டறது. அது ஏறலன்னாத்தான் நீங்க அழணும்.”

“நான் மனுஷன்னு காட்டவா இவ்வளவு நேரம்?”

“பல பேருக்கு அதுவே சந்தேகம்தான்.”

முப்பது. முப்பத்தி மூன்று. மெதெக்குய் பின்னால் வந்து நின்று நகத்தைக் கடித்தார். சொல்லப்போனால் அவருக்கும் இதில் ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தி ஆறாவது சுற்றில் பி-யின் நீலக் கோடு லேசாக நடுங்கியது. தூங்குகிற நாயின் முதுகு மூச்சில் அசைகிற மாதிரி. துலாம்சுரேன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். எனேபிஷின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது; துடைத்தான்; மறுபடி மங்கியது. கடைசியில் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டான். எத்தனை சுற்று அப்படி நின்றான் என்று கேட்டால் ஒன்பது என்பான், மெதெக்குய்யிடம் கேட்டால் தெரியாது என்பார்.

நாற்பத்தைந்து. நீலக் கோடு படுத்துக்கொண்டது. ஐந்தும் படுத்துக் கிடந்தன. பக்கத்துக் கட்டத்தில் பழைய டியூபின் ஐந்து கோடுகளும் அப்படியே.

“சுத்தம்,” என்றாள் துலாம்சுரேன்.

மணி நாலு இருபத்தைந்து. அவள் ஃபோனை எடுத்தாள். “டாக்டர், நெர்குய்க்கு ஈரல் குடுக்க ஆள் கிடைச்சாச்சு. அஞ்சும் இல்ல.”

“யாரு?” என்று கொம்போவின் குரல் வெளியே கேட்டது.

“எனேபிஷ்.”

“இவன் இல்லன்னா வேற யாரும்மா? சீக்கிரம் சொல்லு, கூட்டம் ஆரம்பிக்குது, பேர எழுதறாங்க.”

“அதான் டாக்டர், எனே பிஷ்!”

“இவன் இல்லன்னு காலைலயே தெரியும். ஆளச் சொல்லு!”

எனேபிஷ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து ஃபோனைப் பிடுங்கினான். “டாக்டர், நான்தான்! இவன்தான்! இவன் இல்லதான் இவன்!”

அந்தப் பக்கம் மேஜையைத் தடவித் தேடும் சத்தம் கேட்டது. கொம்போ கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எனேபிஷைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை. அதில் அச்சடித்து, ‘ப. எனேபிஷ்’. துலாம்சுரேன் வேலைக்கு முன்னதாகவே வந்து வராந்தாவில் நின்றிருந்தாள். அவளுக்கு அந்தப் பட்டையின் மேல் நம்பிக்கை இல்லை. “கத்தி வைக்கிற நேரத்துல எவனாவது இதப் படிச்சிட்டு வண்டியத் திருப்பிட்டான்னா?” என்று சொல்லி, நீலப் பேனாவை எடுத்து, பட்டைக்குப் பக்கத்தில் தோலின் மேல், ஆட்டின் காலடியில் பெரிதாக எழுதினாள்: ‘இவன்தான்.’

எனேபிஷுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. வண்டி நகர்ந்து, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடியபோதுதான் வேறொன்று தோன்றியது. டாக்டருக்குப் படிக்கத் தெரியும் என்றால் பேய்க்கும் தெரியும். முப்பத்தேழு வருஷமாகப் பக்கத்துத் தெருவில் அலைந்துகொண்டிருக்கிற பேய், இன்றைக்கு இந்த அறைக்கு வராமலா இருக்கும்? வந்து மணிக்கட்டைப் பார்த்தால்?

கொம்போ முகமூடியோடு குனிந்தார். பட்டையைப் படித்தார்; பக்கத்தில் இருந்ததையும் படித்தார். முகமூடிக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

“படிச்சாச்சா டாக்டர்?”

“படிச்சாச்சு.”

“நல்லாப் படிச்சீங்களா? மறக்க மாட்டீங்களே?”

“மாட்டேன்பா. பேசாம படு.”

எனேபிஷ் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, நீல எழுத்துகளை ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழித்தான். பட்டையில் அம்மா வைத்த பெயர் மட்டும் நின்றது. பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அங்கே ஒரு நர்ஸ் பட்டியலோடு நின்று, “பேர் என்னம்மா?” என்று கேட்டாள்.

“பேர் இல்லை,” என்றாள் அக்கா. குரல் தெளிவாக இருந்தது.